பாடசாலையில் திறக்கும் தரவுத்தளம் தோட்டத்து லய வீட்டில் ஏன் திறப்பதில்லை?

அட்டன் பக்கத்து ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பாடசாலை சந்தா கட்டும் கட்டுரைத் தரவுத்தளம் நூலகக் கணினியில் திறக்கிறது, பிள்ளைகளின் போனில் மட்டும் பணம் கேட்கிறதே, ஏன்?

தரவுத்தளத்தை வெளியிடும் பதிப்பாளருக்குப் பிள்ளையைத் தெரியாது. பாடசாலையின் ஐபி முகவரியை, அதாவது அதன் இணைய இணைப்புக்குரிய எண்ணைத்தான் தெரியும். அந்த முகவரியிலிருந்து வந்தால் கதவு திறக்கும். போன் டேட்டாவில் முகவரி வேறு, அவ்வளவுதான்.

பலர் செய்வது, எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். வேண்டாம் என்பேன். ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும், மறுநாள் ஊர் முழுக்கப் பரவிவிடும். பதிப்பாளர் கவனித்தால் முழுப் பாடசாலைக்கும் பூட்டு.

சரியான வழி ப்ராக்ஸி சேவையகம், அதாவது பிள்ளைக்கும் தரவுத்தளத்துக்கும் இடையில் நிற்கும் கணினி. பிள்ளை தன் சொந்தக் கணக்கில் உள்நுழைவார். சேவையகம் பதிப்பாளருக்குத் தெரிந்த தன் முகவரியால் பக்கத்தை வாங்கிக் கொடுக்கும். 1999இல் வந்த ஈஸிப்ராக்ஸி மென்பொருள் இந்த வகைதான். ஆனால் அதற்கு மாறாத ஐபி முகவரியும் பராமரிக்க ஓர் ஆளும் வேண்டும். நம் தோட்டப் பாடசாலைகளுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. பிள்ளைகளின் கூகுள் பாடசாலைக் கணக்கையே ஏற்கும் தரவுத்தளமா என்று சந்தா கட்டுமுன் கேளுங்கள், அது எளிது.

இன்னொன்று: அம்மா கொழுந்து எடுத்து வந்தபின்தான் பல வீடுகளில் போன் கைக்கு வரும். சிக்னலுக்கு மேட்டுக்கு ஏற வேண்டும். ஆகவே பிடிஎப்பாக இறக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

தமிழ் நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற இணையத்தளமும், பாடங்களுக்குக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளமும் இலவசம். முதலில் அவற்றைக் காட்டுங்கள்.