ஆயிரம் பேர் ஒரே கடிதத்தை அனுப்பினால் அரசு கேட்குமா?

கேள்வி: எங்கள் பகுதிக்கான புதிய பேருந்துத் திட்டத்தின் வரைவை அரசு இணையத்தில் போட்டு, 30 நாட்களுக்குள் கருத்துச் சொல்லும்படி கேட்டிருக்கிறது. போன முறை இப்படிக் கேட்டபோது மெனக்கெட்டு எழுதினேன். ‘பெறப்பட்டது’ என்று ஒரு மின்னஞ்சல் வந்தது, அத்தோடு சரி. இந்த முறை எங்கள் குழுவில் ஒரே கடிதத்தைத் தயார் செய்து ஆயிரம் பேரை அனுப்ப வைக்கலாம் என்கிறார்கள். இதனால் பயன் உண்டா?

பதில்: கருத்தை அவசியம் அனுப்புங்கள். ஆனால் அந்த ஆயிரம் கடித யோசனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

தபாலில் ஆயிரம் கடிதம் வந்த காலத்தில், ஆயிரம் பேர் உட்கார்ந்து எழுதி, உறை வாங்கி, தபால்தலை ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சிரமத்துக்கே ஒரு மதிப்பு இருந்தது. இப்போது அனுப்புவதற்கு ஒரு சொடுக்கு போதும். படிக்கிற அதிகாரிக்கோ நாளைக்கு இன்னும் அதே 24 மணி நேரம்தான். அதனால் ஒரே வாசகத்தில் வருபவற்றை மென்பொருளை வைத்து ஒன்றாகக் கட்டி, ‘இந்தக் கருத்து இத்தனை பேரிடமிருந்து’ என்று ஒரே வரியில் முடித்துவிட முடியும்.

எண்ணிக்கையின் மீது சந்தேகம் வரவும் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 2017-ல் இணையச் சமநிலை விதிகள் (இணைய இணைப்புத் தரும் நிறுவனங்கள் எல்லா இணையதளங்களையும் பாரபட்சமில்லாமல் நடத்த வேண்டும் என்பவை) பற்றி அரசு கருத்துக் கேட்டபோது சுமார் 2.2 கோடி கருத்துகள் வந்தன. அவற்றில் ஏறத்தாழ 1.8 கோடி போலி என்று நியூயார்க் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் அலுவலகம் 2021-ல் அறிக்கை வெளியிட்டது. அதில் 77 லட்சத்துக்கும் மேல் ஒரே ஒரு 19 வயதுக் கல்லூரி மாணவரின் கைவேலை!

உண்மையான ஆட்கள் அனுப்பினாலும் சிக்கல் வரலாம். 2015 டிசம்பரில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இணையச் சேவைகளுக்கு வேறுவேறு கட்டணம் வைக்கலாமா என்று கேட்டு, நான்கு கேள்விகளை முன்வைத்தது. ஃபேஸ்புக், சில குறிப்பிட்ட இணையச் சேவைகளை மட்டும் இலவசமாகத் தரும் தன் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்துக்கு ஆதரவாக ஓர் ஆயத்த வாசகத்தைக் கொடுத்து, பயனர்களை லட்சக்கணக்கில் அனுப்ப வைத்தது. நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு இதில் பதில் இல்லையே என்றது ஆணையம். 2016 பிப்ரவரியில் வந்த ஆணை அப்படிப்பட்ட கட்டண வேறுபாட்டைத் தடை செய்தது.

கருத்துக்கேட்பு வாக்கெடுப்பு அல்ல. ‘இதில் எங்களுக்குத் தெரியாதது என்ன?’ என்பதுதான் அங்கே கேள்வி. ‘திட்டத்தை எதிர்க்கிறோம்’ என்று எழுதினால் அதிகாரிக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. ‘பத்தி 4-ல் சொல்லியிருக்கிற நிறுத்தத்தை மாற்றினால் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் நாலு வழிச்சாலையைக் கடக்க வேண்டிவரும், ஐந்து நாள் காலை 7 முதல் 9 வரை நின்று எண்ணினோம், இத்தனை பேர் இறங்குகிறார்கள், நிறுத்தத்தை இன்ன இடத்துக்கு நகர்த்தினால் போதும்’ என்று எழுதிப் பாருங்கள். அதை ஒதுக்குவதற்கு அவர் ஒரு காரணம் தேட வேண்டியிருக்கும். உங்கள் ஆயிரம் பேரில் இருபது பேர் தங்கள் சொந்த அனுபவத்தை இப்படித் தனித்தனியாக எழுதினாலே எனக்குப் போதும்.

எண்ணிக்கைக்கு மதிப்புள்ள இடம் வேறு. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் இணைய மனுவில் 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் சொல்லும். 1,00,000 சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். பின்லாந்தில் ஆறு மாதத்தில் 50,000 பேர் ஆதரித்தால் நாடாளுமன்றம் அந்த முன்மொழிவை எடுத்துக்கொண்டே ஆக வேண்டும். அங்கே ஒருபாலினத் திருமணச் சட்டம் வந்தது இந்த வழியில்தான். ஆனால் எடுத்துக்கொள்வது வேறு, ஏற்பது வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டாம் என்று 2019-ல் பிரிட்டனில் போட்ட மனுவில் 60 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். விவாதம் நடந்தது, விலகலும் நடந்தது. ஆகவே உங்கள் குழு மனுப் போட நினைத்தால், எத்தனை கையெழுத்துக்கு யார் என்ன செய்யக் கடமைப்பட்டவர் என்று விதியில் முதலில் பாருங்கள். எதுவும் எழுதியிருக்காவிட்டால் அது வெறும் கையெழுத்துப் புத்தகம்தான்.

அரசும் கேட்கிற முறையை மாற்றலாம் என்பதற்குத் தைவான் நல்ல உதாரணம். 2015-ல் ஊபர் வாடகைக்கார் சேவையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்ற பிரச்சினைக்கு அங்கே ‘போலிஸ்’ (Pol.is) என்ற இணையக் கருத்துக்கேட்புக் கருவியைப் பயன்படுத்தினார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், காவல்துறைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதில் ஒருவர் சொன்னதற்கு நீங்கள் மறுமொழி எழுத முடியாது. ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், தாண்டிப் போகலாம், அவ்வளவுதான். மறுமொழிக்கு வழியில்லாததால் சண்டைக்கும் வழியில்லை. எதிரெதிர் அணிகள் இரண்டுமே ஒப்புக்கொள்கிற வாக்கியங்கள் மேலே வந்தன; பயணிகளுக்குக் காப்பீடு வேண்டும் என்பது அப்படி மேலே வந்த ஒன்று.

சரி, அனுப்பும் முன் இரண்டு விஷயம். கருத்துகளைப் பெயரோடு வெளியிடுவார்களா என்று பாருங்கள். 2015 ஏப்ரலில் மேலே சொன்ன அதே இந்தியத் தொலைத்தொடர்பு ஆணையம், தனக்கு வந்த கருத்துகளை அப்படியே வெளியிட்டதில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மின்னஞ்சல் முகவரிகள் பொதுவெளிக்கு வந்துவிட்டன. கைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் கேட்காத இடத்தில் எழுதாதீர்கள். அடுத்து, ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள். பேருந்தை அதிகம் நம்பியிருப்பது பெரும்பாலும் அவர்கள்தான், இணையப் படிவத்தில் அவர்கள் குரல் வராது. நிறுத்தத்தில் நின்று எண்ணும்போதே அவர்கள் சொல்வதை எழுதி வாங்கி, படமெடுத்து உங்கள் கடிதத்தோடு இணைத்துவிடுங்கள்.

அந்த ‘பெறப்பட்டது’ மின்னஞ்சலை அழிக்காதீர்கள். அதிலுள்ள பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, இறுதித் திட்டம் வந்ததும் உங்கள் கருத்தை என்ன செய்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். அப்புறம், கடைசி நாள் இரவுவரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கென்று பார்த்து இணையதளம் படுத்துக்கொள்ளும்.