பீரோவின் அடித்தட்டில் ஒரு ஸ்கர்ட்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 36. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருக்கிறேன். திருமணமாகி ஒன்பது வருடம், ஒரு பெண் குழந்தை. வெயில் காலத்தில் பேன்ட் ஒத்துக்கொள்வதில்லை. ஆன்லைனில் பெண்களுக்கான நீளமான காட்டன் ஸ்கர்ட் ஒன்றை வாங்கி, வீட்டில் யாரும் இல்லாதபோது போட்டுப் பார்த்தேன். ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு நாள் அதைப் போட்டுக்கொண்டு பாண்டிச்சேரியைச் சுற்றி வர ஆசை. போன மாதம் பீரோவில் பழைய பேப்பருக்கு அடியில் இருந்ததை மனைவி பார்த்துவிட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம், "போகணும்னா போயிட்டு வாங்க, எனக்குத் தெரிய வேணாம்" என்றாள். நான் அந்த மாதிரி ஆள் இல்லை அக்கா, வசதிக்காகத்தான். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில் மாற்றிக்கொள்ளலாமா? போலீஸ் பிடிக்குமா? ஊர்க்காரர்கள் பார்த்தால் என்ன சொல்வது? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: அன்புத் தம்பிக்கு,

போலீஸ் பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். ஆண் ஸ்கர்ட் போடக் கூடாது என்று நம் நாட்டில் சட்டம் எதுவும் இல்லை.

நீங்கள் ஆசைப்படும் உடுப்பும் நமக்கு அவ்வளவு அந்நியமானது இல்லை. கைலியை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கி வந்து இரண்டு ஓரத்தையும் மூட்டித் தைக்கிறோம். அதன் இடுப்பில் ஒரு எலாஸ்டிக் ஓட்டிவிட்டால் உங்கள் ஸ்கர்ட் வந்துவிடும். ஆனால் 'பாவாடை' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குச் சின்னப் பெண்ணோ, சேலைக்குள் கட்டும் உள்பாவாடையோதான் நினைவுக்கு வருகிறது. சிரிப்பும் கூச்சமும் அந்தச் சொல்லிலிருந்து வருகின்றன. வேட்டிக்கே இங்கே தடை இருந்ததே. 2014-ல் சென்னையில் ஒரு கிளப்புக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதியை வாசலிலேயே நிறுத்தினார்கள். அதன் பிறகு அந்த ஆண்டே தமிழக அரசு தனியாகச் சட்டம் போட வேண்டியிருந்தது.

நான் பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவள். திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்கு விடிய விடியக் கூத்து நடக்கும். துரியோதனன் வேடக்காரர் இடுப்பைச் சுற்றிக் குடை போல விரிந்த பாவாடையோடு சுழன்று ஆடுவார். பகலில் முந்திரித் தோப்பில் வேலை செய்கிற ஒருவர்தான் எங்களுக்குத் திரௌபதி. அவர் சேலையோடு சபையில் நின்று அழும்போது என் பாட்டி எழுந்து போய்க் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார். மறுநாள் காலை அதே மனிதர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒருத்தரும் அவரைக் கேலி செய்து நான் பார்த்ததில்லை.

இப்போது கொஞ்சம் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் முழுக் கடிதத்தில் 'நான் அந்த மாதிரி ஆள் இல்லை' என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எந்த மாதிரி, தம்பி? திருநங்கைகளைத்தான் சொல்கிறீர்கள் என்று புரிகிறது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா, அதாவது தேசிய சட்டப் பணிகள் ஆணையம், தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒருவர் தன் பாலினத்தை உடையாலும் பேச்சாலும் நடத்தையாலும் வெளிப்படுத்துவது அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு தரும் கருத்துரிமைக்குள் வருகிறது, தோற்றத்திலும் உடைத் தேர்விலும் அந்தப் பிரிவே சொல்லும் வரம்புகளைத் தவிர வேறு தடை போட முடியாது என்றது. அது திருநங்கைகளுக்காக நடந்த வழக்கு. இதே பஸ் ஸ்டாண்டிலும் இதே கடற்கரையிலும் அவர்கள் வாங்கிய ஏச்சும் அடியும் அதன் பின்னால் இருக்கின்றன. நாளைக்கு யாராவது உங்களைக் கேலி செய்தால், 'ஐயோ, நான் அவங்க இல்ல' என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். 'எனக்குப் பிடிச்சிருக்கு, போட்டிருக்கேன்' என்று சொன்னால் போதும்.

அடுத்தது உங்கள் மனைவி. இந்தக் கடிதத்தை நான் எடுத்துக்கொண்டதே அவருக்காகத்தான். 'எனக்குத் தெரிய வேணாம்' என்று சொன்னதை நீங்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஒன்பது வருடமாகத் தன் கையால் துணி மடித்து வைக்கிற பீரோவில், பேப்பருக்கு அடியில் ஒன்று ஒளிந்திருந்தது என்பதுதான் அவரைச் சுட்டிருக்கும். 'இன்னும் என்னென்ன இருக்கிறதோ' என்று அந்த இரண்டு நாளும் யோசித்திருப்பார். குழந்தை தூங்கிய பிறகு உட்கார்ந்து பேசுங்கள். எப்போது வாங்கினீர்கள், எத்தனை தடவை போட்டீர்கள், ஏன் மறைத்தீர்கள் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். வசதியைத் தாண்டி உங்களுக்குள் வேறு ஏதாவது இருந்தால் அதையும் முதலில் அவரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். அவர் அழலாம், கோபப்படலாம். குறுக்கே பேசாமல் கேளுங்கள். 'நம்ம தெருவுல மட்டும் வேணாம்' என்று அவர் சொன்னால் அதை மதியுங்கள், மகள் படிக்கிற பள்ளியும் அந்த ஊரில்தானே இருக்கிறது.

அப்புறம், கூட வரச் சொல்லிக் கூப்பிடுங்கள். மாடிப்படி ஏறும்போது முன்பக்கத்தை எவ்வளவு தூக்கிப் பிடிப்பது, பஸ்ஸில் உட்காரும்போது பின்பக்கத்தை எப்படி ஒதுக்குவது, காற்றடித்தால் எந்தக் கையால் அமுக்குவது என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. உங்களுக்கு ஒன்றும் தெரியாது. சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டுக் கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பது அவருக்குக் கொஞ்சம் தைரியம் தரும் என்று நம்புகிறேன்.

கழிப்பறையில் மாற்றுகிற யோசனை வேண்டாம். ஈரத் தரையில் ஓரமெல்லாம் நனையும், நெஞ்சு படபடக்க வெளியே வருவீர்கள். முதல் நாள் மாலையே போய் இருவரும் ஒரு லாட்ஜில் தங்குங்கள், கடலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தானே. செவ்வாய் புதன் போல வாரநாளாகப் பாருங்கள். சனி, ஞாயிறு என்றால் குடிக்க வந்த வெளியூர்ப் பையன்கள் கூட்டம் கூட்டமாகத் திரிவார்கள். அவர்களிடம் மாட்ட வேண்டாம். கடற்கரைச் சாலையில் முந்தின மாலையிலிருந்து காலை ஏழரை வரை வண்டிகளை விடமாட்டார்கள். விடியற்காலையில் காந்தி சிலைப் பக்கம் நடக்க வருகிறவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். திரும்பிப் பார்ப்பார்கள், நடந்துகொண்டே இருப்பார்கள். பிறகு துமா வீதி வழியாகப் பாரதி பூங்காவுக்குப் போய் நிழலில் உட்காருங்கள். வெள்ளைக்காரர் ஒருவர் ஸ்கர்ட்டில் போனால் பாண்டிச்சேரியில் கண்டுகொள்ள மாட்டார்கள். உங்களைப் பார்ப்பார்கள், நம்ம ஆள் என்பதால். கோயிலையும் ஆசிரமத்தையும் வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கெல்லாம் உடைக்குத் தனி வழக்கம் இருக்கிறது.

கடல் காற்றை லேசாக நினைக்காதீர்கள். மெல்லிய துணி என்றால் தலைக்கு மேலே போகும். கீழ் ஓரத்தில் தடித்த பார்டர் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் பாக்கெட் வைக்கச் சொல்லுங்கள், உள்ளே அரை டிரவுசர் போட்டுக்கொள்ளுங்கள். வாடகை ஸ்கூட்டர் வேண்டாம், சக்கரத்தில் துணி சுற்றிக்கொள்ளும். யாராவது வம்பு செய்தாலோ, விடாமல் வீடியோ எடுத்தாலோ வாக்குவாதத்தில் இறங்காமல் குடும்பங்கள் இருக்கிற பக்கமாக நகருங்கள். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் கண்ணில் பட்டால் அவரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் 112-க்குப் போன் செய்யுங்கள்.

ஊர்க்காரர் எதிரே வந்தால்? தலையைக் குனியாதீர்கள். "ஸ்கர்ட்தான் அண்ணே, வெயிலுக்கு நல்லா இருக்கு. நீங்க எப்ப வந்தீங்க?" என்று நீங்களே முதலில் பேசிவிடுங்கள். செய்தி கடலூருக்கு உங்களுக்கு முன்னால் போய்ச் சேரும். உங்கள் மனைவிக்கு எல்லாம் தெரிந்திருந்தால் அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

அவர் இப்போது வர முடியாது என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். பாண்டிச்சேரி எங்கேயும் போய்விடாது. அதுவரை அந்த ஸ்கர்ட்டைப் பேப்பருக்கு அடியிலிருந்து எடுத்துத் துவைத்து, கொடியில் காயப்போட்டு, உங்கள் சட்டைகளோடு மேல்தட்டில் மடித்து வையுங்கள்.

அன்புடன்,
அக்கா