அரங்கேற்றப் படங்கள் கலங்குகிறதா? 55-250 லென்ஸ் வேண்டாம்

அக்கா மகளின் அரங்கேற்றத்துக்கு கேனான் 1500டி கேமரா வைத்திருக்கிறீர்கள். ஒத்திகையில் 18-55 லென்ஸில் எடுத்தபோது கைகள் எல்லாம் கலங்கி விழுந்தன, தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 55-250 லென்ஸ் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பகல் வெளிச்சத்தில் பறவை, விளையாட்டு எடுக்க அது நல்ல லென்ஸ்தான். ஆனால் உங்கள் சிக்கல் தூரம் இல்லை, வெளிச்சம்.

18-55ஐ முழுசாக ஜூம் செய்தால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்). 55-250ஐ முழுசாக ஜூம் செய்தாலும் அப்படித்தான். 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதாவது 1/60 நொடியில் எடுத்ததை, அதே ஐ.எஸ்.ஓ.வில் (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 1/500இல் எடுக்கலாம். 'ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே' என்பார்கள். அது உங்கள் கை நடுக்கத்துக்கு மட்டும்தான், ஆடுகிற பிள்ளையின் கையை அது நிறுத்தாது.

1500டியின் சென்சார் சிறியது என்பதால் 50 எம்.எம். கிட்டத்தட்ட 80 எம்.எம். போல, இன்னும் நெருக்கமாகத் தெரியும். முன்வரிசையில் இடம் பிடித்தால் அபிநயத்துக்கு அருமை. நட்டுவாங்கம், பாட்டு எல்லாம் சேர்த்து முழு மேடை வேண்டுமென்றால் பழைய லென்ஸை 18இல் வையுங்கள்.

அப்புறம், கறுப்புத் திரைக்கு முன்னால் ஆட்டோவை நம்பினால் முகம் வெளுத்துவிடும். எல்லா அளவையும் நீங்களே வைக்கும் எம் மோடில் எஃப் 2.2, 1/400 வைத்து, ஐ.எஸ்.ஓ.வை 1600இல் தொடங்கி முகம் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும். தீர்மானம் (அடவுக் கோவையை முடிக்கும் தாளக்கட்டு) முடிந்து ஒரு கணம் அப்படியே நிற்பார்கள் பாருங்கள், அங்கே அழுத்துங்கள். ஃபிளாஷ் மட்டும் போடாதீர்கள்.