தீபாவளிக்கு 14 வாரம்: இந்த முறை கார்டு வேண்டாம்

கேள்வி: கோவையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் சம்பளம் கைக்கு 34,000, என் சம்பளம் 14,000. பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர். வாடகை 11,000, பள்ளிக் கட்டணமும் வேனும் 5,500, மளிகை 8,000, பால்-காய்கறி-கறி 7,000, பெட்ரோல் 3,500, வண்டித் தவணை 3,200, மின்சாரம் மாதக் கணக்கில் 1,100, சிலிண்டர் 950, போனும் இன்டர்நெட்டும் 1,500, தெருவில் ஒரு பலகாரச் சீட்டு 500. மீதி எங்கே போகிறதென்றே தெரியவில்லை. போன தீபாவளிக்கு ஊருக்குப் (திருநெல்வேலி) போய்வந்ததில் 38,000 ஆனது. அதில் 22,000 கிரெடிட் கார்டில் போட்டு, மே மாதம்தான் கட்டி முடித்தோம். இந்த ஆண்டு கார்டைத் தொடாமல் சமாளிக்க அன்றாடச் செலவில் எதைக் குறைப்பது? போனஸ் வரும் என்கிறார் கணவர்.

பதில்: நீங்கள் எழுதியதைக் கூட்டினால் 42,250 வருகிறது. வருமானம் 48,000. எங்கே போகிறதென்று தெரியாத அந்த மீதி மாதம் 5,750. அதற்கு வருகிறேன். அதற்கு முன் 22,000-க்குக் கார்டுக்காரர் எவ்வளவு எடுத்திருப்பார் என்று பாருங்கள். பாக்கி வைத்த தொகைக்கு மாதம் 3.5% வட்டி என்றால் முதல் மாதம் 770, அதன்மேல் 18% ஜிஎஸ்டி 139. ஆறு மாதமாகச் சமமாகக் கட்டித் தீர்த்திருந்தாலும் சுமார் 3,200 வட்டியாகப் போயிருக்கும். பாக்கி இருக்கும்வரை அதே கார்டில் புதிதாகத் தேய்த்த மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அன்றாடச் செலவுக்கு முன்னால் தீபாவளிப் பட்டியலில் கை வையுங்கள். போன ஆண்டுச் செலவை உடை 14,000, ஆம்னி பஸ் 7,500, பட்டாசு 5,000, பலகாரமும் கறியும் 5,500, நாத்தனாருக்குச் சீர் 6,000 என்று பிரித்து அனுப்பியிருந்தீர்கள். இதில் பெரிய ஓட்டை பயணம்தான். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். நவம்பர் 6 வெள்ளி இரவு கிளம்பினால் செப்டம்பர் 7, திங்கள் காலை 8 மணிக்கு உட்கார வேண்டும். 9-ம் தேதி இரவு திரும்புவதற்கு செப்டம்பர் 10. ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை ஆகஸ்டிலேயே முடித்துவிடுங்கள். முன்பதிவு திறக்கும் நாளில் ஆதார் இணைத்த கணக்குகளுக்குத்தான் முதல் வழி. பயணிகள் பெயர், வயதை முந்தின நாளே கணக்கில் சேமித்து வையுங்கள், எட்டு மணிக்குத் தட்டச்சு செய்துகொண்டிருந்தால் காத்திருப்போர் பட்டியல்தான். ஸ்லீப்பரில் நால்வர் போய்வர 3,000 ஒதுக்கினால் போதும்.

உடையை 10,500-க்குள் கொண்டுவரலாம். பெரியவர்களின் சேலை, வேட்டியைப் பண்டிகைக் காலத்தில் கோ-ஆப்டெக்ஸ் தரும் 30% தள்ளுபடியில் எடுங்கள். ரவிக்கை தைக்கக் கொடுப்பதென்றால் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே கொடுத்தாக வேண்டும். பிந்தினால் தையற்கடையில் 'அர்ஜென்ட்' கூலி. பிள்ளைகளுக்கு மட்டும் கடைசியில் வாங்குங்கள், இரண்டு மாதத்தில் அளவு மாறிவிடும். பட்டாசு 3,000, பலகாரம் 4,000, சீர் அதே 6,000. உறவில் கை வைத்து மிச்சம் பிடிக்கச் சொல்ல மாட்டேன். ஆகப் பட்டியல் 26,500.

இனி மாதச் செலவு. பாலையும் காலை டீயையும் குறைக்கச் சொல்லும் ஆலோசனைகளை விட்டுவிடுங்கள். பத்து நாளில் வெறுத்துப்போய் மொத்தத்தையும் கைவிடுவீர்கள். வலிக்காத இடங்கள் நிறைய இருக்கின்றன.

ரேஷனில் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். வாங்காமல் விட்டால் மாதம் சுமார் 200 நஷ்டம். அந்த பாமாயிலை இப்போதிருந்தே முறுக்குக்கு எடுத்து வைக்கலாம். காய்கறியை வாரம் ஒரு நாள் உழவர் சந்தையில் எடுத்தால் வாரம் 200 வரை நிற்கும். சிங்காநல்லூரோ ஆர்.எஸ்.புரமோ, எது பக்கமோ அது. காலையிலேயே போக வேண்டும், வெயில் ஏறினால் கழித்துப்போட்ட காய்தான் கிடைக்கும். பிள்ளைகளின் பத்து ரூபாய் பாக்கெட்டுகளை எண்ணிப் பாருங்கள். ஆளுக்கு நாளுக்கு இரண்டு என்றால் மாதம் 1,200. நிறுத்த வேண்டாம், ஒன்றாக்குங்கள். பத்து நிமிடத்தில் கொண்டுவரும் ஆப்பில் கொத்தமல்லிக் கட்டு வாங்கப் போனால், டெலிவரி கட்டணத்தைத் தவிர்க்க இன்னும் நூறு ரூபாய்க்குச் சாமான் சேர்க்கச் சொல்லும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். தேவையானதைத் தாளில் எழுதி வெள்ளிக்கிழமை ஒரே தடவையாகக் கடையில் வாங்கினால் மாதம் 600 குறையும். இவை நான்கும் சேர்ந்து 2,200.

கடையில் பாக்கெட்டைப் புரட்டிப் பாருங்கள். எம்ஆர்பி-க்குப் பக்கத்திலேயே ஒரு கிராமுக்கோ மில்லிக்கோ என்ன விலை என்று பொடி எழுத்தில் இருக்கும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் என்றால் ஏறக்குறைய 910 கிராம். அதே உயரப் பாக்கெட்டில் 800, 850 கிராம் போட்டு ஐந்து ரூபாய் குறைத்து விற்பவர்களும் உண்டு. விலை குறைவென்று எடுத்தது உண்மையில் விலை கூடியதாக இருக்கும்.

பெட்ரோலில் 600. நீங்கள் வேலைக்குப் போகும் வழியில் சாதாரண நகரப் பேருந்து இருந்தால் பெண்களுக்குக் கட்டணமில்லை. வாரம் மூன்று நாள் அதில் போனால் போதும். போனில் 400. ஊரில் மாமியாருக்கு நீங்கள் போடும் ரீசார்ஜில் தினம் இரண்டு ஜிபி டேட்டா எதற்கு? பேச்சுக்கு மட்டுமான திட்டங்கள் 2025 தொடக்கத்திலிருந்து எல்லா நிறுவனங்களிலும் இருக்கின்றன. 28 நாள் திட்டம் என்றால் ஆண்டுக்கு 13 தடவை ரீசார்ஜ் என்பதையும் கணக்கில் வையுங்கள். மின்சாரத்தில் 250. இரண்டு மாதத்துக்கு 2,200 கட்டுகிறீர்கள் என்றால் 500 யூனிட் எல்லையை ஒட்டித்தான் இருக்கிறீர்கள். அதைக் கொஞ்சம் தாண்டினாலும் கீழ்ப்படிகளுக்கான சலுகை குறைந்து பில் ஒரே தாவலாக ஏறும். கோவையில் ஆகஸ்டுக்குப் பிறகு ஏசி அல்ல, ஹீட்டர்தான் ஆள். 2 கிலோவாட் ஹீட்டர் அரை மணி ஓடினால் ஒரு யூனிட். குளிப்பதற்குக் கால் மணி முன் போட்டு அணைத்துவிடுங்கள். ரீடிங் எடுக்க ஒரு வாரம் இருக்கும்போது மீட்டரை நீங்களே பார்த்துக்கொள்வது நல்லது.

ஆக மாதம் 3,450. இது தெரிந்த குறைப்பு என்பதால் சம்பளம் வந்த அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்று சம்பளத்தில் 10,350. மாற்றும் கணக்கு போனில் யுபிஐ-யோடு இணைக்காததாக இருக்கட்டும், பழைய சேமிப்புக் கணக்கு எதுவானாலும் சரி. தொடர் வைப்பு வேண்டுமா என்று யோசிக்க வேண்டாம். பல வங்கிகள் குறைந்தது ஆறு மாதமோ ஓராண்டோ கேட்கும். மூன்று மாதத்துக்கு வட்டி பெரிதாக ஒன்றும் வராது, பணம் கண்ணில் படாமல் இருப்பதுதான் இங்கே வேலை.

இப்போது அந்த 5,750. மே, ஜூன், ஜூலை வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து, 300 ரூபாய்க்குக் கீழே உள்ள யுபிஐ வரிகளை மட்டும் பென்சிலால் குறியுங்கள். ஹோட்டல்-ஆப் சாப்பாடு, பக்கத்துக் கடை, பிள்ளைகளின் பள்ளிச் சில்லறைச் செலவு, மற்றவை என்று நாலு கூட்டல் போதும். ஒரு சிக்கல்: யுபிஐ லைட் வைத்திருந்தால் அதில் செலவழித்த ஒவ்வொன்றும் வங்கி அறிக்கையில் வராது. 'லைட்டில் ஏற்றியது' என்று ஒரே வரிதான் இருக்கும், விவரத்தை ஆப்பில்தான் பார்க்க வேண்டும். கணக்குக் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான். அதே ஆப்பில் 'ஆட்டோபே' என்ற இடத்தையும் திறந்து பாருங்கள். ஒரு ரூபாய் சோதனைச் சலுகையில் சேர்ந்து மறந்துபோன ஓடிடி ஒன்றாவது அங்கே உட்கார்ந்திருக்கும். ஆப்பை போனிலிருந்து அழித்தால் பணம் பிடிப்பது நிற்காது. ஆட்டோபேயை ரத்து செய்ய வேண்டும்.

இந்தப் பகுதியிலிருந்து மொத்தத்தையும் எதிர்பார்க்காதீர்கள். வாரம் 700 என்று வைத்துக்கொள்ளுங்கள், 14 வாரத்தில் 9,800. இதைச் சம்பள நாளில் மொத்தமாக எடுக்க வேண்டாம். எடுத்தால் 20-ம் தேதி வாக்கில் கை கடித்து, சேமிப்பிலிருந்தே திரும்ப எடுப்பீர்கள். சில்லறைச் செலவுக்கென்று யுபிஐ-யில் இணைத்த ஒரு கணக்கில் திங்கள்தோறும் 600 மட்டும் போடுங்கள். அது தீர்ந்தால் அந்த வாரம் அவ்வளவுதான். வெள்ளி இரவு 700-ஐச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றுங்கள். செப்டம்பர் 14 விநாயகர் சதுர்த்தி, காலாண்டு விடுமுறை, விருந்தாளி என்று ஏதாவது ஒரு வாரம் தவறும். அந்த வாரத்து 700-ஐ விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் 1,400 என்று துரத்த வேண்டாம்.

புரட்டாசி உங்கள் வீட்டில் கறி இல்லாத மாதம் என்றால் அங்கே ஒரு போனஸ் இருக்கிறது. செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 11 வரை நாலு ஞாயிறு. கறிக்கு 700 ஆகும் வீட்டில் பன்னீர், காளான் என்று 200 போனாலும் 500 நிற்கும், நாலுக்கு 2,000. பல வீடுகளில் இந்தப் பணம் தானாகவே கரைந்துபோகிறது. ஞாயிறு மதியமே மாற்றிவிடுங்கள்.

மொத்தம் 22,150. பட்டியலுக்கு 4,350 குறைகிறது. அதற்காகத்தான் செலவழிக்கும் வரிசை முக்கியம். ரயில் டிக்கெட் முதலில், சீர் இரண்டாவது, பலகாரச் சாமான் மூன்றாவது, உடை நான்காவது, பட்டாசு கடைசி. இந்த வரிசையில் போனால் துண்டு விழுவது பட்டாசு 3,000-த்திலும் ஒரு உடுப்பிலும்தான். இரண்டையும் குறைக்கலாம். பட்டாசை முதலில் வாங்கிவிட்டு டிக்கெட்டுக்குக் கார்டைத் தேய்ப்பதுதான் வழக்கமாக நடப்பது.

போனஸ் விஷயம். கணவரின் சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 21,000-க்குள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சட்டப்படி குறைந்தது 8.33% உண்டு. ஆனால் அதை முழுச் சம்பளத்துக்குக் கணக்கிட மாட்டார்கள். 7,000 அல்லது அந்த வேலைக்கான குறைந்தபட்ச ஊதியம், எது அதிகமோ அதற்குத்தான். 7,000 என்று வைத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 7,000. வரம்பைத் தாண்டியிருந்தால் கொடுப்பது நிறுவனத்தின் விருப்பம். இரண்டிலும் பணம் கைக்கு வரும் நாள் உங்கள் கையில் இல்லை. வந்தால் அந்த 4,350-க்கு, மீந்தது ஜனவரி செலவுக்கு. வருமென்று நம்பி இப்போதே எதையும் வாங்காதீர்கள்.

'வட்டியில்லாத் தவணை'யும் கார்டு கடன்தான். வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள். அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் பில்லில் தனியாக வரும்.

பட்டாசுக்கு ஒரு எச்சரிக்கை. '80% தள்ளுபடி' என்று வரும் விலைப்பட்டியலில் முதல் விலையே ஊதி அச்சிட்டதுதான். கழிவு போக நிகர விலையை மட்டும் பக்கத்துக் கடையோடு ஒப்பிடுங்கள். ஆன்லைனில் பட்டாசு விற்க 2018-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. வாட்ஸ்அப் இணைப்பில் முன்பணம் கட்டி ஏமாறுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அப்படிக் கட்டிவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

கடைசியாக, பலகாரச் சீட்டு. இன்னும் சில தவணைகள்தான் பாக்கி என்பதால் இப்போது நிறுத்தினால் கட்டியதைத் திரும்ப வாங்குவதே பெரும்பாடு. கட்டி முடியுங்கள், ஒவ்வொரு மாதமும் அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பொருட்கள் கைக்கு வந்ததும் எண்ணெய், மைதா, பாத்திரம், வெள்ளிக் காசு என்று ஒவ்வொன்றுக்கும் கடைவிலையை எழுதிக் கூட்டுங்கள். நீங்கள் கட்டியது 6,000. கூட்டல் அதற்குக் கீழே வந்தால் அடுத்த ஆண்டு சேர வேண்டாம். மேலே வந்தாலும் யோசியுங்கள். நடத்துபவர் பதிவு பெறாதவர் என்றால் அவர் கடையைப் பூட்டிய பிறகு பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுப்பதைத் தவிர உங்களிடம் வழியில்லை. அதே 500-ஐ டிசம்பரிலிருந்து வங்கித் தொடர் வைப்பில் போட்டால், 2027 தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு பலகாரச் சாமான் வாங்கக் கையில் 5,000-க்கு மேல் ரொக்கமாக இருக்கும்.