ஒரு முன்சக்கரம் மட்டும் அதிகம் சூடாவது

உங்கள் காரின் இடது முன்டயர் ஒவ்வொரு முறையும் வலதைவிட 15 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாகிறது, ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் காற்றழுத்தம் இரண்டிலும் சமமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால், முதலில் அந்தச் சக்கரத்தின் பிரேக்கைச் சோதியுங்கள். முன்டயர்கள் பின்டயர்களைவிடச் சூடாவது இயல்பு. முன்சக்கரங்கள் இரண்டுக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு ஒவ்வொரு முறையும் வருவதை அப்படி விட்டுவிட முடியாது.

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் மேல் பேட் என்னும் பிரேக் கட்டையை அழுத்துவது காலிப்பர். அதன் பிஸ்டன் துருவாலோ அழுக்காலோ இறுகிவிட்டால், மிதியிலிருந்து காலை எடுத்த பின்னும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும்; அந்த வெப்பம் ரிம் வழியாக டயருக்கு ஏறும்.

1. பிரேக்கை இயன்றவரை தொடாமல் சிறிது தூரம் ஓட்டி, மெதுவாக நிறுத்தி, இரு பக்கமும் ரிம்மையும் டயரையும் தனித்தனியே அளந்து பாருங்கள். இடது ரிம் தெளிவாகக் கூடுதல் சூடாக இருந்தால், காரணம் பிரேக் அல்லது பேரிங் (சக்கரம் உராய்வின்றிச் சுழலத் தாங்கும் பாகம்). ரிம்கள் சமமாக இருந்து டயர் மட்டும் சூடாக இருந்தால், காரணம் காற்றழுத்தம் அல்லது சக்கரச் சீரமைப்பு (வீல் அலைன்மென்ட்). பளபளப்பான உலோகத்தில், தொடாமலே சூட்டை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால், இரு பக்கமும் ஒரே இடத்தில் அளப்பது முக்கியம்.

2. ரிம்தான் சூடு என்றால், ஆறிய பிறகு ஜாக்கி, தாங்கிகள் வைத்துத் தூக்கி, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். இறுக்கமாகச் சுழன்றால் பிரேக் பிடித்திருக்கிறது.

காற்று இரண்டிலும் சமம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அளந்தது ஓட்டி நிறுத்திய உடனே. கூடுதல் சூட்டிலும் அழுத்தம் சமமாக இருக்கிறதென்றால், ஆறிய நிலையில் இடது டயரில் சுமார் 2 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) குறைவாகவே இருக்கும். ஆகவே வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்ற பிறகு மீண்டும் அளந்து பாருங்கள். சூடான டயரிலிருந்து காற்றை இறக்க வேண்டாம். தீய்ந்த வாடை வந்தாலோ, வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, சரிசெய்யும் வரை ஓட்டாதீர்கள்.