கூர்லாந்து டச்சி: கேள்வி பதில்

கேள்வி: டச்சியின் தலைநகர் ரிகாதானே சார்?

பதில்: இல்லை. டச்சி என்றால் டியூக் ஆளும் நாடு; இது இன்றைய லாட்வியாவின் மேற்கிலும் தெற்கிலும் இருந்தது. தலைநகர் மிட்டாவ், இன்றைய யெல்காவா. ரிகா 1581 முதல் போலந்தின் கையில், 1621 முதல் சுவீடனின் கையில். வரைபடம் வரைபவர்கள் கவனிக்கவும்: பக்கத்திலிருந்த பில்டென் என்ற ஆயர் பகுதியையும் சேர்த்து வண்ணமடிக்காதீர்கள். அதை 1559-இல் அதன் ஆயரே டென்மார்க் அரசருக்கு விற்றுவிட்டார்.

கேள்வி: டச்சி எப்படி உருவானது?

பதில்: 1558-இல் ரஷ்ய ஜார் இவான் படையெடுத்ததும், இந்தப் பகுதியை ஆண்ட ஜெர்மன் துறவி வீரர்களின் லிவோனியத் துறவுப்படை நொறுங்கியது. அதன் கடைசித் தலைவர் கோட்ஹார்ட் கெட்லர் 1561 நவம்பரில் வில்னியஸில் போலந்து அரசருக்கு அடிபணிந்தார். தௌகாவா ஆற்றுக்குத் தெற்கே உள்ள நிலம் அவருக்குப் பரம்பரை மானியமாகக் கிடைத்தது; அதுவே டச்சி.

கேள்வி: இத்துனூண்டு நாட்டுக்குக் கரீபியன் தீவான டொபேகோவில் குடியேற்றமா?

பதில்: ஆமாம். 1642-இல் பட்டத்துக்கு வந்த யாக்கோபு கெட்லர், விண்டாவ் துறைமுகத்தில் கப்பல் கட்டினார். மரமும் சணலும் உள்ளூரிலேயே கிடைத்தன. 1651-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா ஆற்றுத் தீவில் கோட்டை. 1654 மே மாதம் டொபேகோவில் 80 குடும்பங்கள். அடிமை வணிகமும் திட்டத்தில் உண்டு, அதை மறைக்க வேண்டாம். கெடுத்தது தூரம் அல்ல. 1658-இல் சுவீடன் படை டியூக்கையே பிடித்துப்போனது. போரை முடித்த 1660 ஒலிவா உடன்படிக்கை வரை சிறை. தாய்நாட்டிலிருந்து கப்பல் வராததால் 1659-இல் டொபேகோ டச்சுக்காரர்களிடம் போனது, 1661-இல் காம்பியா ஆங்கிலேயரிடம்.

கேள்வி: அப்போ சுவீடன் வராதிருந்தால் கடல் வல்லரசு ஆகியிருக்கும்!

பதில்: ஆகியிருக்காது. 1617 ஆட்சிச் சட்டத்துக்குப் பிறகு அதிகாரம் பிரபுக்கள் கையில். அவர்களுக்குத் தானிய ஏற்றுமதியும் பண்ணையடிமைகளும் போதும். டியூக்கின் கப்பல்களுக்குக் காசு தர மனமில்லை.

கேள்வி: 1664-இல் இங்கிலாந்தே டொபேகோவை அவருக்கு எழுதிக் கொடுத்ததே, அது வல்லமை இல்லையா?

பதில்: காம்பியாவை வைத்துக்கொண்டுதான் கொடுத்தது! பட்டா கையில் இருந்தால் போதுமா, நிலத்தில் நிற்க ஆள் வேண்டாமா? இன்று மிஞ்சியது கிரேட் கோர்லாண்ட் விரிகுடா என்ற பெயர்.

கேள்வி: ரிகா எப்போது தலைநகர் ஆனது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: 1944 கூர்லாந்து முற்றுகை?

பதில்: இரண்டாம் உலகப்போர் அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: 1918 டச்சியும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. அது ஜெர்மன் ஆக்கிரமிப்பில் காகிதத்தில் பிறந்தது. பழையது 1795-இல், கெட்லர்களுக்குப் பின் ஆண்ட பிரோன் குடும்பத்தின் கடைசி டியூக் பேதுரு பிரோன் பட்டம் துறந்து ரஷ்யாவிடம் ஒப்படைத்ததோடு முடிந்தது.

கேள்வி: ருந்தாலே அரண்மனை கெட்லர்கள் கட்டியதா?

பதில்: பேதுருவின் தந்தை எர்ன்ஸ்ட் யோஹான் பிரோன் கட்டியது. 1736-இல் கட்டடக் கலைஞர் ராஸ்ட்ரெல்லி தொடங்கினார். 1740-இல் பிரோன் கைதானதும் வேலை நின்றது. அவர் திரும்பி வந்த பிறகு 1768-இல்தான் முடிந்தது.