ஒன்பது பிள்ளைகள், பள்ளிக்கூடம் கிடையாது: அந்த வீட்டில் பொழுது எப்படிப் போகிறது?

சகோதரி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கணவரின் வேலைக்காகப் பென்சில்வேனியா வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. எட்டு வயதில் மகள், ஐந்து வயதில் மகன். ஞாயிறு பூசையில் பழக்கமான ஒரு வீட்டில் ஒன்பது பிள்ளைகள், ஒருவர்கூடப் பள்ளிக்கூடம் போவதில்லை, அம்மாவே சொல்லித் தருகிறார். "நீங்களும் இப்படிச் செய்யலாமே" என்கிறார்களாம். இது சட்டப்படி சரியா, அந்த வீட்டில் பொழுது எப்படிப் போகிறது, நமக்கு ஒத்துவருமா? இதுதானே கேள்வி. எனக்கு ஆறு பிள்ளைகள். மூத்தவள் கல்லூரியில் இருக்கிறாள், மற்ற ஐந்து பேரும் இதே மாநிலத்தில் வீட்டில்தான் படிக்கிறார்கள்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்விக்கு அனுமதி உண்டு. விதிகள்தான் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸில் பெரிதாக எதுவும் கேட்க மாட்டார்கள். நியூயார்க்கில் காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். (ஜெர்மனியில் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களிடம் யோசனை கேட்காதீர்கள். அங்கே இதற்கு அனுமதியே இல்லை, பயந்துபோவார்கள்.) நம் பென்சில்வேனியா கறாரான மாநிலங்களில் ஒன்று. 1988இல் வந்த சட்டப்படி, சொல்லித் தருபவர் உயர்நிலைப்பள்ளி முடித்திருக்க வேண்டும். பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்துக்கு, வீட்டிலேயே சொல்லித் தருகிறோம் என்று உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். ஆண்டுக்கு 180 நாட்கள் படிப்பு நடக்க வேண்டும், அல்லது தொடக்க வகுப்புகளுக்கு 900 மணி நேரம் கணக்குக் காட்ட வேண்டும். என்னென்ன படித்தார்கள் என்ற குறிப்பையும் எழுதிய தாள்களையும் கோப்பாகச் சேர்த்து வைக்க வேண்டும். ஆண்டு முடிவில் தகுதியுள்ள ஒரு மதிப்பீட்டாளர் பிள்ளையோடு பேசி, கோப்பைப் பார்த்துச் சான்று எழுதுவார். 3, 5, 8ஆம் வகுப்புகளில் தரப்படுத்தப்பட்ட தேர்வு (எல்லாருக்கும் ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் தேர்வு) உண்டு. பாடப் பட்டியலில் தீ விபத்து எச்சரிக்கைகூட இருக்கிறது. என் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பாடம் அதுதான். உங்கள் மகனுக்கு இன்னும் கட்டாயக் கல்வி வயது வரவில்லை, அது 6 முதல் 18 வரை. மகளை மட்டும் பத்திரம் கொடுக்காமல் பள்ளியிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். வராத நாட்களுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

சரி, அந்த வீட்டுக்குள் போவோம். ஒன்பது பிள்ளைகளுக்கு ஒன்பது வகுப்பு எடுக்கிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். அப்படி எந்த அம்மாவாலும் முடியாது. வரலாறு, அறிவியல், மறைக்கல்வி, புனிதர்களின் வாழ்க்கை எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காரவைத்து எல்லாருக்கும் சேர்த்தே வாசிப்பார்கள். கேட்டதை ஆறு வயதுக்காரன் படமாக வரைவான், பத்து வயதுக்காரி நான்கு வரி எழுதுவாள், பதினான்கு வயதுக்காரன் கட்டுரை எழுதுவான். கணக்கும் வாசிக்கப் பழக்குவதும்தான் தனித்தனி. அதுவும் கைக்குழந்தை தூங்கும் நேரத்தில் முடிய வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு குழந்தை காலைத் தூக்கத்தை விட்ட வருஷம் கணக்குப் பாடமே இரவுக்குப் போய்விட்டது. பெரிய வகுப்புகளுக்குத் தயாராகக் கிடைக்கும் பாடத்திட்டம் வாங்கலாம். வர்ஜீனியாவிலிருக்கும் சீட்டன் போன்ற கத்தோலிக்க நிறுவனங்கள் புத்தகமும் தேர்வும் அனுப்பி, திருத்தியும் தருகின்றன. தொடக்க வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு உட்கார்ந்து படிக்கிற நேரம் ஒரு நாளில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

அப்படியானால் நாள் எங்கே போகிறது? துணியிலும் சமையலிலும் போகிறது. மூன்று வேளையும் எல்லாரும் வீட்டிலேயே சாப்பிடுகிறார்கள் என்பதை யாரும் முதலில் கணக்கில் சேர்ப்பதில்லை. துவைக்கும் இயந்திரம் காலையில் ஓடத் தொடங்கினால் இரவு ஜெபமாலை வரைக்கும் ஓடும். ஞாயிறு காலை பூசைக்குக் கிளம்பும்போது ஒரு காலுறை கட்டாயம் காணாமல் போயிருக்கும். பன்னிரண்டு பேர் உட்காரும் வேனில் எல்லாரும் ஏறிய பிறகுதான் ஒருவன் செருப்பில்லாமல் வந்தது தெரியும். பகல் பதினொரு மணிக்குக் கடைக்குப் போனால், "இன்றைக்குப் பள்ளி விடுமுறையா?", "எல்லாரும் உங்கள் பிள்ளைகளா?" என்ற இரண்டு கேள்வியும் ஒரே மூச்சில் வரும். பழகிவிடும்.

இந்த வேலைகள் பிள்ளைகளின் கையால்தான் நடக்கின்றன. ஐந்து வயதில் காலுறை ஜோடி சேர்ப்பது, எட்டில் பாத்திரம் அடுக்குவது, பன்னிரண்டில் ஒருவேளைச் சமையல். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இவ்வளவு பொறுப்பாக இருக்கிறார்களே என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான், எனக்கும் பெருமையாக இருக்கும். ஆனால் இதில் ஓர் எல்லை இருக்கிறது. பெரிய குடும்பங்களில் மூத்த பெண் தெரியாமலேயே இரண்டாவது அம்மா ஆகிவிடுவாள். பையன்கள் புல் வெட்டிவிட்டு விளையாடப் போவார்கள், இவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தம்பிக்குக் கணக்குச் சொல்லித் தருவாள். எங்கள் வீட்டில் மூத்தவளின் படிப்பு நேரத்தில் யாரும் அவளைக் கூப்பிடக்கூடாது என்று அவள் அப்பா ஒரு சட்டமே போட்டிருந்தார். வீட்டுக்கல்வி நல்லதா கெட்டதா என்று பொதுவாகச் சண்டை போடுகிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை. என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

பக்தி விஷயத்தில், வெளியிலிருந்து பார்த்தால் மடத்து ஒழுங்கு போலத் தெரியும்: காலை ஜெபம், மதியம் மூவேளை ஜெபம், இரவு ஜெபமாலை. உள்ளே வந்து பாருங்கள், ஜெபமாலையில் மூன்றாவது பத்து மணிகளைச் சொல்லி முடிப்பதற்குள் ஒருவன் தரையில் தூங்கியிருப்பான், ஒருத்தி ஜெபமாலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருப்பாள். ஆண்டின் விழாக்கள்தான் இந்தப் பிள்ளைகளுக்கு உண்மையான நாட்காட்டி. டிசம்பர் 6, புனித நிக்கோலாஸ் திருநாளுக்கு முந்தின இரவு காலணிகளை வரிசையாக வைத்தால் காலையில் உள்ளே மிட்டாய் இருக்கும். நவம்பர் 1 புனிதர் அனைவர் திருநாளுக்குப் பிள்ளைகள் புனிதர்களாக வேடமிட்டுப் பங்கு மண்டபத்துக்கு வருவார்கள். அட்டை வாளோடு வரும் ஜார்ஜியார் எத்தனை பேர் என்று எண்ணவே முடியாது. அதற்கு நடுவில் என் மகன் கையில் சங்கிலியோடு நம் தமிழ்நாட்டு மறைசாட்சி தேவசகாயமாகப் போய் நின்றான். 2022இல்தான் புனிதர் பட்டம் என்பதால் அங்கே யாருக்கும் அவரைத் தெரியவில்லை. எல்லாரும் கேட்கக் கேட்க, இவன் அரைமணி நேரம் கதை சொன்னான்.

அந்தக் குடும்பம் சொல்லாவிட்டாலும் யாராவது ஒருவர் உங்களிடம் சொல்லக்கூடும்: நல்ல கத்தோலிக்கர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள் என்று. திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்று, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கல்வி பற்றி வெளியிட்ட ஏட்டில் சொன்னது. அதே ஏட்டில் கத்தோலிக்கப் பள்ளிகளையும் பாராட்டியிருக்கிறது. வழியைத் தேர்வது உங்கள் உரிமை. ஆனால் எந்த வழியானாலும் மகளின் புதுநன்மை (முதல் நற்கருணை) பற்றிப் பங்குத்தந்தையிடம் இப்போதே பேசிவிடுங்கள். வீட்டிலேயே தயார் செய்வதாக இருந்தாலும் அவருக்குத் தெரியாமல் முடியாது. சில பங்குகளில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கு வந்தே ஆக வேண்டும் என்பார்கள்.

தமிழ் தானாக வந்துவிடும் என்றும் நம்பாதீர்கள். நாள் முழுக்க வீட்டில் இருந்தாலும் அண்ணன் தம்பிகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். எங்களுக்கு ஜெபம்தான் கைகொடுத்தது. ஜெபமாலையில் ஒரு பத்து மணியைத் தமிழில் சொன்னோம், அப்புறம் அதையே எழுத்துக்கூட்டி வாசிக்க வைத்தோம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீடும் ஒன்பது பிள்ளைகள் இருக்கும் வீடும் ஒன்றல்ல. அவர்கள் வீட்டிலேயே ஒரு விளையாட்டு அணி இருக்கிறது. உங்கள் மகளுக்குத் தோழிகளை நீங்கள்தான் தேடிக் காரில் கூட்டிப்போக வேண்டும். தாய்மார்கள் சேர்ந்து வாரம் ஒருநாள் பங்கு மண்டபத்தில் வகுப்பு நடத்தும் குழு பக்கத்தில் இருக்கிறதா, உங்களிடம் கார் இருக்கிறதா என்பது பாடப்புத்தகத்தைவிட முக்கியம். இங்கே வீட்டுக்கல்விப் பிள்ளைகள் பள்ளி மாவட்டத்தின் விளையாட்டு அணிகளிலும் சேரலாம், அதையும் விசாரியுங்கள். வேலை அனுமதி இல்லாமல் வீட்டில்தானே இருக்கிறோம், சும்மா இருப்பதற்கு இதைச் செய்யலாமே என்ற நினைப்பு மட்டும் இருந்தால் வேண்டாம் என்பேன். புது நாட்டில் முதல் குளிர்காலம் நான்கு சுவருக்குள் உங்களுக்கே கடினமாக இருக்கும். இந்த ஆண்டு பள்ளி நடக்கட்டும். கோடை விடுமுறையில் தினமும் காலை இரண்டு மணி நேரம் இருவரையும் மேசையில் உட்காரவைத்துப் பாருங்கள், பாதி பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

மீதிக்கு, அந்த வீட்டுக்கு விழா நாளில் போகாதீர்கள். சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில் ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டு போங்கள். அந்த அம்மா உட்கார்ந்து சாப்பிடுகிறாரா என்று பாருங்கள், அவர்களுடைய மூத்த பெண்ணிடமும் தனியாகக் கொஞ்சம் பேசுங்கள்.